நானூறு வருஷமா, நாலு தலைமுறையா?

கேள்வியை ஒருமுறை சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். ஆதியாகமம் 15:13-ல் ஆபிராமின் (பின்னாளில் ஆபிரகாம்) சந்ததி அந்நிய தேசத்தில் 400 வருஷம் உபத்திரவப்படும் என்று வருகிறது. மூன்றே வசனம் தள்ளி, 16-ல், அவர்கள் 'நாலாம் தலைமுறையிலே' திரும்பி வருவார்கள் என்று வருகிறது. யாத்திராகமம் 12:40-க்குப் போனால் எகிப்தில் குடியிருந்த காலம் 430 வருஷம். யாத்திராகமம் 6-ம் அதிகாரத்திலோ லேவி, கோகாத், அம்ராம், மோசே என்று நாலே பெயர். "ஒரு தலைமுறைக்கு 25 வருஷம் என்றால் நாலு தலைமுறை 100 வருஷம்தானே, மீதி 300 எங்கே?" என்று உங்கள் ஞாயிறு வகுப்புப் பையன் கேட்டான். தலைமுறைக்கு 100 வருஷம் என்று வைத்துக்கொள்ளலாமா என்று நீங்கள் கேட்கிறீர்கள்.

பையன் கெட்டிக்காரன். அவன் கேட்டதை இரண்டாயிரம் வருஷமாகப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் 'வைத்துக்கொள்ளலாமா' என்று நீங்கள் கேட்ட இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆபிரகாமுக்கு 100 வயதில் ஈசாக்கு பிறந்தான், ஆகவே அந்தக் காலத்தில் தலைமுறை என்றால் 100 வருஷம் என்று பல விளக்க நூல்கள் சொல்லும். ஆனால் ஈசாக்குக்கு 60 வயதில் யாக்கோபு பிறந்தானே, அப்போது 60 என்று ஏன் வைக்கவில்லை? விடையை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்ற வாய்ப்பாட்டைத் தேடுவதுதான் இது.

எபிரெயுவில் அந்தச் சொல் 'தோர்'. சுற்று, வட்டம் என்ற பொருளோடு உறவுள்ள சொல். ஒரு காலத்தில் சேர்ந்து வாழ்ந்த கூட்டம் என்பதுதான் அதன் அடிப்படை. அதற்கு வேதம் எங்கேயும் நிலையான வருஷக் கணக்குத் தரவில்லை. யோபு சோதனைக்குப் பிறகு 140 வருஷம் வாழ்ந்து நாலு தலைமுறையைக் கண்டான் என்று அந்தப் புத்தகத்தின் கடைசி அதிகாரம் சொல்கிறது; வகுத்துப் பார்த்தால் தலைமுறைக்கு 35. வனாந்தரத்தில் ஒரு சந்ததி முழுவதும் மாண்டுபோக 40 வருஷம் ஆயிற்று என்கிறது எண்ணாகமம் 32:13. எரேமியா 27:7 பாபிலோனின் ஆட்சியை நேபுகாத்நேச்சார், மகன், பேரன் என்று மூன்று தலைமுறையாகச் சொல்கிறது. அதே ஆட்சிக்கு 29:10-ல் 70 வருஷம். மூன்று இடம், மூன்று கணக்கு. நம் ஊரில் 'மூணு தலைமுறைச் சொத்து' என்று சொல்கிறவரிடம் போய் எத்தனை வருஷம் என்று கேட்டால் எப்படி விழிப்பாரோ அப்படித்தான்.

எண்ணும் முறையும் ஒரு விஷயம். பதினாறாம் நாள் காரியம் என்றால் இறந்த நாளையும் சேர்த்துத்தானே நாம் எண்ணுகிறோம்? எபிரெயரும் தொடக்கத்தைச் சேர்த்தே எண்ணுவார்கள். அப்படிப் பார்த்தால் லேவி ஒன்று, கோகாத் இரண்டு, அம்ராம் மூன்று, மோசே நாலு. 'நாலாம் தலைமுறை' என்பது மோசேயின் தலைமுறையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதில் தகராறு இல்லை. தகராறு அந்த நாலு பெயருக்குள் 430 வருஷத்தை அடைப்பதில்தான்.

அடைத்துப் பார்ப்போம். யாக்கோபு எகிப்துக்குப் போனபோது கூடப் போனவர்கள் பட்டியலில் கோகாத் இருக்கிறான் (ஆதியாகமம் 46:11). அவன் அன்றுதான் பிறந்த கைக்குழந்தை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோகாத் வாழ்ந்தது 133 வருஷம். அவன் சாகும் வருஷத்தில் அம்ராம் பிறந்தான், அம்ராம் வாழ்ந்தது 137. அம்ராம் சாகும் வருஷத்தில் மோசே பிறந்தான், பார்வோனிடம் பேசியபோது மோசேக்கு 80. எல்லாவற்றையும் இப்படி இழுத்து நீட்டினாலும் 133, 137, 80 சேர்ந்து 350-தான். 430 வராது; 400-கூட வராது. பேனாவும் காகிதமும் இருந்தால் பையனே போட்டுப் பார்க்கலாம்.

இதற்குப் பழங்காலத்திலேயே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நம் தமிழ் வேதாகமம் எபிரெய மூலத்தைப் பின்பற்றுவதால் 12:40-ல் எகிப்து மட்டும்தான் இருக்கும். ஆனால் கிறிஸ்துவுக்கு முன்பே செய்யப்பட்ட கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்திலும், சமாரியர் காத்துவந்த ஐந்நூலிலும் அந்த வசனத்தில் 'எகிப்திலும் கானானிலும்' குடியிருந்த காலம் 430 என்று இருக்கிறது. கானான் உள்ளே வந்தவுடன் கணக்கே மாறுகிறது. ஆபிராம் 75 வயதில் கானானுக்கு வந்தான், 100-ல் ஈசாக்கு: 25 வருஷம். ஈசாக்குக்கு 60-ல் யாக்கோபு. யாக்கோபு எகிப்துக்குப் போனது 130-ல். கூட்டினால் 215. 430-ல் சரிபாதி. அப்படியானால் எகிப்தில் இருந்தது மீதி 215 வருஷம்தான். யூத ரபிமார் கணக்கு கொஞ்சம் வேறு: 400-ஐ ஈசாக்கின் பிறப்பிலிருந்து எண்ணி, எகிப்துக்கு 210 தருவார்கள். யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் ஓரிடத்தில் எகிப்தில் 215 என்று கணக்குச் சொல்கிறார். அதே நூலில் இன்னொரு இடத்தில் எகிப்தியரின் கொடுமை 400 வருஷம் என்கிறார். முதல் நூற்றாண்டிலேயே படித்த ஒருவருக்கு இரண்டும் கையில் இருந்தன, இரண்டையும் விட மனமில்லை என்று தெரிகிறது.

பவுல் கலாத்தியர் 3:17-ல் ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்குத்தத்தத்துக்கும் மோசேயின் நியாயப்பிரமாணத்துக்கும் நடுவே 430 வருஷம் என்று எழுதுவதும் இந்த வழிக்குச் சாதகமாகவே கேட்கிறது. அவர் வாசகர்கள் கையில் இருந்தது கிரேக்க வேதம். ஆனால் அவருடைய வாதம் எண்ணில் நிற்கவில்லை. பின்னால் வந்தது முன்னால் கொடுத்ததை ரத்துசெய்யாது என்பதுதான் வாதம். அதற்கு 430-ம் போதும், 645-ம் போதும். (645 என்பது முழு 430-ஐயும் எகிப்துக்கே கொடுத்தால் ஆபிராம் கானானுக்கு வந்ததிலிருந்து வரும் தொகை.)

215 வழிக்கு இன்னொரு பலமான சாட்சி ஒரு பெண். மோசேயின் தாய் யோகெபேத் எகிப்தில் லேவிக்குப் பிறந்தவள் என்கிறது எண்ணாகமம் 26:59. லேவியின் தம்பி யோசேப்பு பார்வோன் முன் நின்றபோது வயது 30. வளமான ஏழு வருஷமும் பஞ்சத்தில் இரண்டு வருஷமும் போய் யாக்கோபு வந்தபோது 39. லேவி அவனுக்கு நாலைந்து வருஷம்தான் மூத்திருக்க முடியும். 137 வயதில் லேவி இறந்தான் என்றால் எகிப்துக்கு வந்து ஏறக்குறைய 94-ம் வருஷம். முழு 430-ம் எகிப்துக்கே என்றால் மோசே பிறந்தது 350-ம் வருஷம். லேவியின் கடைசி மூச்சுக்கு யோகெபேத் பிறந்திருந்தாலும் மோசேயைப் பெற்றபோது அவளுக்கு 256 வயது! சாராள் 90-ல் பெற்றதையே வேதம் அதிசயம் அதிசயம் என்று அதிகாரக் கணக்கில் சொல்கிறது. 256-ல் ஒருத்தி பெற்றிருந்தால் அரை வரிகூட எழுதாமல் விட்டிருக்குமா? 215 கணக்கில் மோசே பிறந்தது 135-ம் வருஷம். யோகெபேத்துக்கு 70, 80 வயது என்று ஒருவழியாக ஒப்பேற்றலாம்.

இவ்வளவோடு நிறுத்தினால் 215 ஜெயித்துவிட்டது என்று நினைப்பீர்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். எண்ணாகமம் 3-ஐக் கவனமாக வாசித்த பிறகுதான் தயக்கம் வந்தது. அங்கே கோகாத்தின் வம்சத்தை எண்ணுகிறார்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட ஆண்கள் 8,600. அது அம்ராம், இத்சேயார், எப்ரோன், ஊசியேல் என்று நாலு கிளை. சமமாகப் பிரித்தால் அம்ராம் கிளைக்கு 2,150 ஆண்கள். அந்த அம்ராம்தான் மோசேயைப் பெற்ற தகப்பன் என்றால், அந்த 2,150 பேரும் மோசேயும் ஆரோனும் அவர்கள் பிள்ளைகளும்தான்! மோசேக்கு இரண்டு மகன், ஆரோனுக்கு நாலு மகன் (இருவர் சீனாயிலேயே இறந்துபோனார்கள்). சமமாகப் பிரிக்க வேண்டியதில்லை, பத்தில் ஒரு பங்கே கொடுங்கள், அப்போதும் ஒட்டாது. கோத்திரக் கிளைக்குப் பெயர் கொடுத்த அம்ராம் வேறு, மோசேயின் தகப்பன் அம்ராம் வேறு, நடுவில் பல தலைமுறை போயிருக்க வேண்டும் என்று 19-ம் நூற்றாண்டு ஜெர்மன் விளக்கவுரையாளர்களே சொல்லிவிட்டார்கள்.

பக்கத்துக் கோத்திரங்களைப் பார்த்தால் இது இன்னும் உறுதிப்படும். ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த பெசலெயேல் மோசேயின் சமகாலத்தவன். 1 நாளாகமம் 2-ன்படி யூதாவிலிருந்து எண்ணினால் ஏழாமவன். மோசேக்கு அடுத்து வந்த யோசுவாவோ 1 நாளாகமம் 7-ல் எப்பிராயீமுக்குக் கீழே ஏறக்குறைய பத்தாவது இடத்தில் நிற்கிறான். ஒரே பாளயத்தில் நின்ற மூன்று பேரில் ஒருவன் நாலாமவன், ஒருவன் ஏழாமவன், ஒருவன் பத்தாமவன். இங்கே எது விதிவிலக்கு? எனக்கு மோசேயின் பட்டியல்தான் சுருக்கப்பட்டதாகத் தெரிகிறது.

"அப்படியானால் யோகெபேத் மோசேயைப் 'பெற்றாள்' என்று எழுதியிருக்கிறதே?" என்று பையன் விடமாட்டான். அவனுக்கு ஆதியாகமம் 46:18-ஐக் காட்டுங்கள். சில்பாள் யாக்கோபுக்குப் 'பெற்ற' பதினாறு பேர் என்று அங்கே தொகை போட்டிருக்கிறது. சில்பாள் வயிற்றில் பிறந்தவர்கள் காத், ஆசேர் இரண்டே பேர். மீதிப் பேர் பேரப்பிள்ளைகள், இரண்டு பேர் கொள்ளுப்பேரர்கள், ஒருத்தி பேத்தி. எபிரெயன் காதுக்கு 'பெற்றாள்' என்றால் அவள் வழியில் வந்தார்கள் என்பதும் அடங்கும். எருசலேமுக்கு வந்த எஸ்றா தன்னைச் 'செராயாவின் குமாரன்' என்கிறான். செராயா என்ற பிரதான ஆசாரியன் எருசலேம் விழுந்த கி.மு. 586-ல் ரிப்லாவில் கொல்லப்பட்டான்; எஸ்றா வந்தது அர்தசஷ்டாவின் ஏழாம் வருஷம், பொதுவான கணக்கில் கி.மு. 458. நடுவே 128 வருஷம். அதே எஸ்றாவின் பட்டியலை 1 நாளாகமம் 6-ஓடு வைத்துப் பாருங்கள், நடுவில் ஆறு பெயர் காணோம். மத்தேயுவும் 'யோராம் உசியாவைப் பெற்றான்' என்று எழுதி அகசியா, யோவாஸ், அமத்சியா மூன்று ராஜாக்களைத் தாண்டிவிடுகிறார். ராஜாக்களின் சரித்திரம் தெரியாதவரா அவர்? பதினாலு, பதினாலு, பதினாலு என்று மூன்று அடுக்கு அமைய வேண்டும். தாவீது என்ற பெயரின் எபிரெய எழுத்துக்களுக்கு மதிப்புக் கூட்டினாலும் பதினாலு வரும். எரிகோவின் குருடன் 'தாவீதின் குமாரனே' என்று கூப்பிட்டபோது அங்கே யாருக்கும் குழப்பம் வரவில்லை.

சரி, சுருக்குவது என்றால் ஏன் நாலு? எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் யோசுவா 7-ல் இருக்கிறது. ஆகானைக் கண்டுபிடித்த விதத்தைப் பாருங்கள்: முதலில் கோத்திரம், பிறகு வம்சம், பிறகு குடும்பம், பிறகு ஆள் ஆளாக. இஸ்ரவேலில் ஒரு மனிதனை இன்னார் என்று சொல்ல இந்த நாலு படி போதும். அதை யாத்திராகமம் 6-ல் பொருத்துங்கள். லேவி கோத்திரம், கோகாத் வம்சம், அம்ராம் குடும்பம், மோசே ஆள். இது பிறப்புப் பதிவேடு இல்லை, விலாசம். அந்த அதிகாரத்தின் போக்கும் அப்படித்தான்: ரூபன் பிள்ளைகளைச் சொல்கிறது, சிமியோன் பிள்ளைகளைச் சொல்கிறது, லேவியிடம் வந்து மோசேயையும் ஆரோனையும் சொன்னவுடன் 'அந்த ஆரோனும் மோசேயும் இவர்களே' என்று முடித்துக்கொள்கிறது. யூதாவையோ மற்றவர்களையோ தொடவேயில்லை. தேடிவந்த வீடு கிடைத்துவிட்டது, அதற்கு மேல் தெருவில் நடக்க வேண்டிய அவசியம் இல்லை.

இதில் ஓர் ஓட்டை உண்டு, மறைக்கமாட்டேன். விலாசம்தான் என்றால் லேவிக்கு 137, கோகாத்துக்கு 133, அம்ராமுக்கு 137 என்று வயது எழுதுவானேன்? அதற்கு முழுத் திருப்தியான பதில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த மாதிரி வயது எண்கள் நம் கண்ணுக்குத் தெரிகிறதைவிட வேறு வேலையும் செய்கின்றன என்பது மட்டும் நிச்சயம். ஆபிரகாமின் 175 என்பது 7 பெருக்கல் 5-ன் வர்க்கம். ஈசாக்கின் 180 என்பது 5 பெருக்கல் 6-ன் வர்க்கம். யாக்கோபின் 147 என்பது 3 பெருக்கல் 7-ன் வர்க்கம். 5, 6, 7 மூன்றின் வர்க்கத்தையும் கூட்டினால் 110. அது யோசேப்பின் வயது. அந்த 110 எகிப்தியர் நிறைவாழ்வுக்குச் சொன்ன வயதும்கூட. தற்செயலா, திட்டமா என்பதை உங்களுக்கே விடுகிறேன். விமரிசன ஆய்வாளர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. 400 ஒரு மரபு, நாலு தலைமுறை இன்னொரு மரபு, தொகுத்தவர் இரண்டையும் விட்டுவைத்தார் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அப்படியே இருந்தாலும், மூன்று வசன இடைவெளியில் இரண்டையும் வைத்தவருக்குக் கூட்டல் தெரியாது என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு அவை மோதவில்லை.

ஆக, எங்காவது ஒரு சொல்லை வளைத்தே ஆக வேண்டும். 215 என்பவர்கள் எபிரெயத்தில் உள்ள 'எகிப்திலே'யை வளைக்கிறார்கள். 430 என்பவர்கள் 'பெற்றாள்' என்பதை வளைக்கிறார்கள். வேதமே பல இடத்தில் வளைத்துக் காட்டியிருப்பது இரண்டாவதைத்தான் என்பதால் என் சாய்வு 430 பக்கம். 400 என்பது அதையே முழு எண்ணாக்கிச் சொன்னது.

பெயரை எண்ணிக் காலத்தைக் கண்டுபிடிப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான ஓர் இடம் இருக்கிறது. எகிப்திலிருந்து புறப்பட்டு 480-ம் வருஷம் சாலொமோன் ஆலயத்தைக் கட்டத் தொடங்கினான் என்கிறது 1 இராஜாக்கள் 6:1 (கிரேக்கத்தில் 440). புறப்பட்ட நாளில் இருந்தவர்களையும் தாவீதின் நாளில் இருந்தவர்களையும் இணைக்கும் மூன்று வம்சப் பட்டியல் நம்மிடம் உண்டு. யூதாவின் தலைவன் நகசோனுக்குப் பிறகு சல்மோன், போவாஸ், ஓபேத், ஈசாய், தாவீது: ஐந்து பேர். ஆரோனுக்குப் பிறகு சாதோக் வரை பத்துப் பேர். மோசேயோடு சண்டைபோட்ட கோராகுக்குப் பிறகு, தாவீதின் பாடகன் ஏமான் வரை பதினெட்டுப் பேர். ஒரே காலம்தான், ஐந்து, பத்து, பதினெட்டு. பதினெட்டை 25-ஆல் பெருக்கினால் 450 வந்து அழகாகப் பொருந்துகிறது. ஐந்தை வைத்தால் இஸ்ரவேலர் எரிகோவைப் பிடித்ததிலிருந்து தாவீதின் பிறப்பு வரை ஒவ்வொருவரும் ஏறக்குறைய 90 வயதில் பிள்ளை பெற்றிருக்க வேண்டும். ராஜாவின் பட்டியலில் பெயர் பெற்ற முன்னோர் போதும். பாடகன் தன் உரிமையைக் காட்ட ஒருவரையும் விட முடியாது.

அந்த 480-ஐயே சிலர் 12 தலைமுறை பெருக்கல் 40 என்று பிரித்து, நிஜத் தலைமுறைக்கு 25 வைத்து 300 ஆக்கி, யாத்திரையை கி.மு. 1446-லிருந்து 13-ம் நூற்றாண்டுக்கு இறக்குகிறார்கள். ராமசேஸ் பட்டணம் கட்டிய செய்தியோடு அது பொருந்தும் என்பது உண்மை. ஆனால் வசனத்தில் 12-ம் இல்லை, தலைமுறை என்ற சொல்லும் இல்லை என்பதும் உண்மை.

இதே வாய்ப்பாடு கெட்டவிதமாகப் பயன்பட்டதும் நமக்குத் தெரியும். இஸ்ரவேல் தேசம் உருவானது 1948, 'இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது' என்ற மத்தேயு 24:34-க்கு 40 கூட்டு, 1988-ல் முடிவு என்று பிரசங்கித்தார்கள். 1988 போய்விட்டது. தலைமுறையை 70 ஆக்கினார்கள், 80 ஆக்கினார்கள். உங்கள் வகுப்பில் யாராவது இப்படித் தேதி குறித்தால் யோபுவின் 35-ஐக் கேளுங்கள்.

பையனிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: வருஷம் எழுதியிருக்கும் இடத்தில் வருஷத்தை எண்ணு, பெயர் எழுதியிருக்கும் இடத்தில் யாருக்கு யார் உறவு என்று பார். வருஷமும் பெயரும் சேர்ந்து வரும் ஆதியாகமம் 5, 11 போன்ற இடங்களில் நிதானமாக நட. அங்கே கையெழுத்துப் படிகளே ஒத்துப்போகவில்லை. ஆதாமிலிருந்து ஜலப்பிரளயம் வரை எபிரெயத்தில் 1,656 வருஷம், சமாரியத்தில் 1,307, கிரேக்கத்தில் 2,200-க்கு மேல்.

அடுத்த ஞாயிறு அவன் தேராகைப் பற்றிக் கேட்பான், தயாராக இருங்கள். தேராகுக்கு 70 வயதில் ஆபிராம், 205-ல் தேராகு மரணம். ஆபிராம் 75 வயதில் ஆரானைவிட்டுப் புறப்பட்டான். அப்போது தேராகுக்கு 145-தான், இன்னும் 60 வருஷம் உயிரோடிருப்பான். ஆனால் அப்போஸ்தலர் 7:4-ல் ஸ்தேவான், தகப்பன் மரித்தபின் புறப்பட்டான் என்கிறார். சமாரிய ஐந்நூலில் தேராகு 145 வயதிலேயே இறந்துவிடுகிறான். அதை அவனிடம் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள், கழித்துப் பார்க்கட்டும்.